ஏட்டில் எழுதச் சொன்ன பெயர்

சேலத்தில் திருமணிமுத்தாற்றை ஒட்டி இருக்கும் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில், புயல் கரையைக் கடந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு இருந்தவர்கள் இவர்கள். மல்லசமுத்திரம் நாச்சிமுத்து ஆகிய நான். என் மனைவி சௌந்திரம். அந்தச் சர்ச்சின் போதகர் அன்பழகன். பள்ளியின் ஆசிரியை எஸ்தர். முகாம் ஏடு அவர் கையில் இருந்தது. ராசம்மாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டிராக்டர் ஓட்டிய ஈஸ்வர். இவர்களைத் தவிர ஆற்றோரத் தெருக்காரர்கள் முப்பத்து மூன்று பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஏட்டில் இருக்கிறது. வேறு யாரும் இல்லை. எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுவதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் சரவணக்குமாருக்கு போர்வெல் வண்டித் தொழில். வண்டி சத்தீஸ்கரில் பழுதாகி நிற்கிறது என்று போயிருந்தான். மருமகள் தனப்பிரியா பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள். வீட்டைப் பூட்டிப் போட வேண்டாம் என்று நானும் என் மனைவியும் சேலத்துக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஊரில் தோட்டத்தையும் மாடுகளையும் மாரக்காளும் அவள் கணவன் ராசுவும் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் இருபது வருஷமாக எங்களிடம் வேலை செய்கிறவர்கள்.

புயல் கரையைக் கடந்தது எங்கேயோ கடலோரத்தில். சேலத்துக்கு ஏது கடல், நமக்கென்ன என்று சனிக்கிழமை நான் டிவியை அணைத்தேன். ஏற்காட்டு மலையில் விடாமல் கொட்டுகிற மழை இந்த ஆற்றில்தான் இறங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. விடிந்து பார்த்தபோது தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. கறுப்புத் தண்ணீர், சாயமும் எண்ணெயும் கலந்த நாற்றம். செங்கல் ஒன்றை வைத்து அடைத்தேன். செங்கல்லை நகர்த்திவிட்டு வந்தது. அரைமணி நேரத்தில் கட்டில் கால் மறைந்தது. கேஸ் சிலிண்டர் எழும்பி மிதந்து சமையலறைச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே நின்ற தண்ணீர் வாசல் கதவை அழுத்திப் பிடித்திருந்தது. நான் எவ்வளவு தள்ளியும் அது அசையவில்லை.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அறுபதடிக் கிணற்றில் இறங்கி மோட்டார் கழற்றியவன். பயம் என்ற சொல்லைச் சுலபமாக எழுத மாட்டேன். அன்று சாப்பாட்டு மேஜை மேல் சௌந்திரத்தை ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கால் நடுங்கியது அவளுக்குத் தெரியக்கூடாது என்று மேஜையோடு ஒட்டி நின்றேன்.

"ஏனுங்க, நீங்களும் ஏறிக்குங்க" என்றாள்.

"மேசை தாங்காது."

"தாங்காட்டி ரண்டு பேரும் உழுவலாம். ஏறுங்க."

நான் ஏறவில்லை. என் செல்போன் சட்டைப்பையிலேயே நனைந்து செத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த அவள் மருந்துச் சீட்டு மட்டும் நனையவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைப் பையை அவள் மடியில் கட்டியிருந்தாள்.

எட்டு மணிக்கு முன்பே ஜன்னலில் யாரோ தட்டினார்கள். போதகர் அன்பழகனும் டிராக்டர்க்கார ஈஸ்வரும். கடப்பாரையால் கதவைப் பெயர்த்து, கயிற்றைக் கட்டி எங்களை வெளியே இழுத்து டிரெய்லரில் ஏற்றினார்கள். அப்போது அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்பேன்.

பள்ளிக்கூட மாடி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் கட்டியிருந்த பேனர். சபையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் எல்லையில் ஜெபக்கூடம் கட்ட அனுமதி கேட்டது இந்தச் சபைதான். கூடாது என்று ஊரார் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அது சரியா தவறா என்று இங்கே நான் பேச வரவில்லை. பேனருக்குக் கீழே மேஜை போட்டு எஸ்தர் ஏட்டைத் திறந்து வைத்திருந்தார். 'உதவி பெற்றோர்' என்று மேலே கோடு போட்டு எழுதியிருந்தது.

"பேரு சொல்லுங்க பெரியவரே."

எங்கள் குடும்பத்தின் பெயர் எங்கேயும் அந்த மாதிரித் தலைப்புக்குக் கீழே இருந்ததில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கே கூழ் ஊற்றுகிற குடும்பம் அது.

"ராசு" என்றேன்.

"இந்த அம்மா?"

"மாரக்காள்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊரு?"

ஊரையாவது மாற்றியிருக்கலாம். வாய்ப் பழக்கத்தில் மல்லசமுத்திரம் என்று வந்துவிட்டது.

"என்ன வேலைங்க?"

"தோட்டத்துல கூலி."

எஸ்தர் என் கையைப் பார்த்தார். "கூலிக்குப் போற கையாட்டந் தெரியலீங்களே ராசண்ணா. நாட்டாமைக் கையாட்டம் இருக்குது."

"வயசாயிப்போச்சு. வேலைக்குப் போறதில்ல."

"சரிங்க. சுகர், பிரஷர் ஏதாச்சும் இருக்குதுங்களா ரண்டு பேருக்கும்?"

இருக்கிறது என்றால் சீட்டைக் கேட்பார்கள். சீட்டில் 'சௌந்திரம், கணவர் பெயர் நாச்சிமுத்து' என்று டாக்டர் கைப்பட எழுதியிருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

ஐந்தாம் வகுப்பு அறையின் மூலையில் எங்களுக்குப் பாய் கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் சௌந்திரம் கேட்டாள்.

"எதுக்குங்க மாரக்கா பேரு?"

"பேசாம இரு."

"கூப்புட்டா அவ பேருக்கு நான் எந்திரிக்கோணுமா?"

"எந்திரி."

"எந்திரிக்கறேன். ஆனா அவ நடை எனக்கு வராது. அவ குதிரையாட்டம் போவா."

அப்போது அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

எட்டரை மணிக்கு உப்புமா வந்தது. வரிசையில் நின்று வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் போதகர் ஒரு சிறிய ஜெபம் செய்தார். இரண்டும் எனக்கு ஒத்துவராது. பசியில்லை என்று உட்கார்ந்திருந்தேன். நான் சாப்பிடாமல் என் மனைவி சாப்பிட மாட்டாள். எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம் அது. என் தாயார் அப்படித்தான், சௌந்திரமும் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அதைப் பற்றி நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தினமும் எட்டரைக்கு மாத்திரை போட்டுப் பழகியவள், அன்றும் மடியை அவிழ்த்து ஒன்றை எடுத்து ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினாள்.

"மாத்தரைய மட்டும் உடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது" என்றாள்.

வெறும் வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அவள் மாத்திரை அவள் பாடு என்று இருந்துவிட்டவன் நான்.

வெளியே மழை விடவில்லை. கீழே தெருவில் தண்ணீர் பள்ளிக்கூடத்தின் மூன்றாவது படிக்கு வந்துவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னார். சிறிது நேரத்தில் நாலாவது என்றார். எல்லாரும் படிக்கட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டரைக்கு சாம்பார் சாதம் வந்தது. எஸ்தர் எங்கள் மூலைக்கே வந்து நின்றார்.

"ராசண்ணா விரதமுங்களா? நீங்க இருங்க, மாரக்காக்காவையாச்சும் திங்க உடுங்க."

"அவிய சாப்புடாம எனக்கு எறங்காது கண்ணு" என்று சௌந்திரமே சொல்லிவிட்டாள்.

"நல்ல ஜோடிங்க. ரண்டு பேர் பங்கும் எடுத்து வெக்கிறேன், மனசு வந்தாச் சொல்லுங்க."

எங்கள் தோட்டத்தில் ராசுவை யாரும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சற்று நேரம் கழித்துக் கடுங்காப்பி கொண்டு வந்தார்கள். சௌந்திரத்தின் கை தம்ளருக்கு நீண்டது.

"சக்கரை போட்டது. உனக்கு ஆகாது" என்று அவள் காதோடு சொன்னேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள். அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். நீட்டிய அந்தக் கை இன்றும் எனக்குத் தெரிகிறது.

ஒன்றரை மணிக்கு அவள் நெற்றி வேர்த்தது. மழைக் குளிரில் எல்லாரும் போர்த்தி உட்கார்ந்திருக்க, இவள் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது. தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. "மயக்கமா வருது" என்று பாயில் சாய்ந்தாள். எஸ்தர் ஓடிப்போய் ராசம்மாளை அழைத்து வந்தார். ராசம்மாள் குட்டையான பெண்மணி, வெள்ளைச் சேலை. குனிந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

"எப்பருந்து இப்புடி?"

"இப்பத்தாங்க."

"சுகர் பாக்கற மெசினு நனைஞ்சு கெட்டுப்போச்சு. இவங்களுக்குச் சுகர் இருக்குதா?"

ஏட்டில் இல்லை என்று சொல்லியிருந்தேன். எதிரில் எஸ்தர் ஏட்டோடு நின்றார்.

"இல்லீங்க."

"மாத்தரை ஏதாச்சும் சாப்புடறாங்களா?"

"இல்ல."

"நெசமாத்தானுங்களா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

"இல்லீங்கறேன்."

இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் இல்லை என்றேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். என் சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேலேயே, அந்தச் சீட்டு இருந்தது. இந்த நிமிஷம் சரியாகிவிடும், அடுத்த நிமிஷம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ராசம்மாள் போதகரிடம் திரும்பி, மூளையில் அடைப்போ என்னவோ, வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, புரை ஏறிவிடும், ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். அங்கே வெள்ளத்தில் வந்தவர்கள் வராந்தா வரை கிடக்கிறார்கள், இன்ன நோய் என்று சொல்லிக் கொண்டுபோனால்தான் உடனே பார்ப்பார்கள் என்றும் சொன்னார்.

அப்போதுதான் சௌந்திரம் கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"டேய் நாச்சிமுத்து" என்றாள்.

அறை முழுக்கக் கேட்டது.

"நாச்சிமுத்து, மாட்ட அவுத்துக் கட்டுனயாடா?"

எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சௌந்திரம் ரேஷன் கடையில் கேட்டாலும் சொன்னதில்லை. ஓட்டுச்சாவடியில் கேட்டபோது பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, நீ சொல்லு என்றவள். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷத்தில் என் பெயரை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. முதல் முறையாகக் கேட்டேன், அதுவும் மாடு மேய்க்கிறவனைக் கூப்பிடுகிற குரலில். அவமானமாக இருந்ததா என்று பின்னால் ஒருவர் கேட்டார். இல்லை. அவள் புத்தி அவளிடம் இல்லை, அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. காலையில் தண்ணீருக்குள் நின்றபோது வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"நாச்சிமுத்து யாருங்க?" என்று எஸ்தர் கேட்டார்.

"நான்தான்."

பையிலிருந்து சீட்டை எடுத்தேன். உறை பிரிய மறுத்தது. பல்லால் கிழித்து ராசம்மாளிடம் கொடுத்தேன்.

"இவ பேரு சௌந்திரம். சக்கரை வியாதி பதினோரு வருசமா இருக்குது. காத்தால மாத்தரை போட்டா. போட்டுட்டு ஒண்ணுமே திங்கல."

ராசம்மாள் சீட்டைப் படித்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அதற்கு அவருக்கு நேரமில்லை.

"எஸ்தரு, சக்கரை கொண்டா. டப்பாவோட கொண்டா. போதகரே, டிராக்டரைக் கெளப்பச் சொல்லுங்க."

சர்க்கரையை ஈரவிரலில் தொட்டுத் தொட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்த சௌந்திரத்தின் கன்னத்துக்குள் தடவினார். "உள்ள ஒதுக்கித் தடவுனாப் புரை ஏறாது. வழியெல்லாம் தடவிக்கிட்டே போவோணும்" என்று என் கையைப் பிடித்து டப்பாவில் வைத்தார். ஆகாது என்று காலம் முழுக்க நான் தடுத்த சர்க்கரையை என் விரலால் அவள் வாயில் வைத்தேன்.

நாலு பேர் பாயோடு தூக்கி டிரெய்லரில் வைத்தார்கள். ராசம்மாள் தலைப்பக்கம், நான் ஒரு பக்கம், போதகர் தார்ப்பாயைப் பிடித்தபடி ஒரு பக்கம். தண்ணீர் டிராக்டரின் பெரிய சக்கரத்தில் பாதி வரை இருந்தது. சாலை எது சாக்கடை எது என்று தெரியாமல் ஈஸ்வர் மின்கம்பங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஒரு இடத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் சௌந்திரத்தின் மேல் குப்புற விழுந்து பாயைப் பற்றிக்கொண்டேன்.

"குழிங்க. ஒண்ணுமில்ல, ஏறிருச்சு" என்றார் ஈஸ்வர்.

"நீங்க மல்லசமுத்திரம் நாச்சிமுத்துங்களா?" என்று போதகர் கேட்டார்.

"ஆமாங்க."

"உங்க கையெழுத்து எனக்கு நல்லாப் பழக்கமுங்க. அஞ்சு வருசமா எங்க ஃபைல்ல மொதப் பக்கத்துல இருக்குது."

அதற்கு மேல் அவர் அதைப் பேசவில்லை. "பேரு எதுவா இருந்தாலும் சோறு அதேதானுங்க. வியாதியையாச்சும் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஜெபம் செய்தார். நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எங்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விரலால் சர்க்கரை தடவுவதை அந்தச் சாமி இரண்டுமே நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ராசம்மாள் சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். வராந்தாவில் கிடந்தவர்களைத் தாண்டி, பழகிய குரலில் "லோ சுகர், மாத்தரை சாப்பிட்ட கேசு" என்று சொல்லிக்கொண்டே போனார். வழி விட்டார்கள். ஒரு பெண் டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். முப்பத்தொன்று என்றார். அது எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியவில்லை, ராசம்மாளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கேக்காதீங்க" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்கார இடமில்லை, இருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு பாட்டில் தீர்ந்து அடுத்தது ஏறியது. அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். நாலு மணி இருக்கும், அவள் கண்ணைத் திறந்து மேலே மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள்.

அந்தச் சொல் போதும் எனக்கு. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சாப்ட்டீங்களா?"

ராசம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "இவர் சாப்புடற வரைக்கும் நீங்க சாப்புடக்கூடாதுன்னா, இனிமே ரண்டு பேருக்கும் சேத்து நானே ஊட்டிவுடறேன்" என்றார். எஸ்தர் எடுத்து வைத்திருந்த சாம்பார் சாதப் பொட்டலங்களை அவர் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். பிரித்து என் கையில் கொடுத்தார். ஆறிப் போய்க் கெட்டியாக இருந்தது. நான் ஒரு வாய் சாப்பிட்டேன். பிறகுதான் சௌந்திரம் வாயைத் திறந்தாள். மீதியை அவளுக்கு நான் ஊட்டினேன். வார்டில் பத்துப் பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஊருக்கு வந்தபின் வழக்கத்தை மாற்றினேன். எங்கள் வீட்டில் இப்போது சௌந்திரம் எட்டரைக்கு முதலில் சாப்பிடுகிறாள். இது என் உத்தரவு. அவள் என் பெயரைச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கத்தில் செத்துவிடுவாள்.

அதற்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாம் நாள் முகாமுக்குத் திரும்பியதும் எஸ்தரிடம் ஏட்டைத் திருத்தச் சொன்னேன். சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ராசு, மாரக்காள் என்பதற்கு மேல் எங்கள் பெயர்களை எழுதினார். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இதுவும் மொதக் கையெழுத்துத்தானுங்க. வேற யாரும் இங்க பேர் மாத்தல" என்றார்.

போட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியமே, உறவினர்கள் தேடி வருவார்கள் என்று ஏட்டின் நகலை வாசல் கேட்டில் ஒட்டியிருந்தார்கள். அதை யாரோ படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். நாங்கள் ஊர் திரும்பிய வியாழக்கிழமைக்குள் பேச்சு பரவிவிட்டது. மாரக்காளும் ராசுவும் தோட்டத்தை விட்டுவிட்டுச் சேலத்துக்குப் போனார்கள், சர்ச்சில் அரிசியும் சேலையும் வாங்கினார்கள், வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டார்கள் என்று. கோவில் பொங்கலுக்கு மாரக்காள் தன் பானையைத் தனியாகத்தான் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஏனுங் சாமி, நான் எப்பங்க சேலம் போனேன்?"

மாரக்காள் சேலத்துக்குப் போகவில்லை. ராசுவும் போகவில்லை. மழை பெய்த நாலு நாளும் இருவரும் என் தோட்டத்தில் இருந்தார்கள். அரிசி வாங்கவில்லை, சேலை வாங்கவில்லை, எதிலும் சேரவில்லை. அந்த முகாமில் தங்கியதும் சாப்பிட்டதும் நானும் என் மனைவியும். அவர்கள் பெயரை ஏட்டில் எழுதச் சொன்னவன் மல்லசமுத்திரம் நாச்சிமுத்து.